அத்தியாயம் 9: பையில் வந்த பிறர் பொருள்

பள்ளிக்கூடப் பையைத் தட்டிக் காலி செய்யும்போது நாம் வாங்கித் தராத ஏதோ ஒன்று கீழே விழும் நாள், ஏறக்குறைய எல்லா வீட்டிலும் ஒரு தடவையாவது வரும். ஸ்ட்ராபெர்ரி வாசனை ரப்பர், பாதி தீர்ந்த ஸ்கெட்ச் பேனா, பட்டாம்பூச்சி கிளிப், மிஸ் மேசையிலிருந்த கலர் சாக்பீஸ், அங்கன்வாடி விளையாட்டுக் கட்டை. விலை போட்டால் பத்து ரூபாய் தேறாது. ஆனால் பெற்றவளுக்கு வயிற்றைக் கலக்கிவிடும். ‘என் வயிற்றில் பிறந்ததா இப்படி?’, ‘ஸ்கூலில் தெரிந்தால் தலைகாட்ட முடியுமா?’, ‘ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா?’ என்று மனம் ஓடும். கை ஓங்கும். வாயில் முதலில் வந்து விழும் சொல் ‘திருடி’.

அந்தச் சொல்லை விழுங்கிவிடுங்கள். இந்த அத்தியாயம் முழுக்கச் சொல்லப்போவது இவ்வளவுதான்: பொருள் உரியவரிடம் போய்ச் சேர வேண்டும், அது பிள்ளையின் கையாலேயே போக வேண்டும், போகும்போது பிள்ளையின் மானத்தையும் சேர்த்துக் கொண்டுபோய்விடக் கூடாது. மூன்றும் சேர்ந்து நடந்தால்தான் பாடம் மனதில் தங்கும். பொருளை நாமே ரகசியமாகத் திருப்பிவிட்டால் பிள்ளை ஒன்றும் கற்பதில்லை. நாலு பேர் முன் தலைகுனிய வைத்தால் கற்றுக்கொள்வது ஒன்றே ஒன்று: அடுத்த தடவை மாட்டக் கூடாது.

எந்த வயதில் என்ன புரியும்?

இரண்டு, மூன்று வயதில் ‘என்னுது’ என்பது பிள்ளைக்கு மிகப் பிடித்த சொல். யாருடையது என்பதை அந்த வயது தன் வழியில் கணக்குப் போடுகிறது. கனடாவின் ஓரி ஃப்ரீட்மன், கேரன் நியரி இருவரும் 2008-ல் வெளியிட்ட ஆய்வில், ஒரே பொம்மையை ஒருவர் பின் ஒருவராக இரண்டு பேர் வைத்து விளையாடும் கதையை மழலைகளுக்குச் சொல்லி, பொம்மை யாருடையது என்று கேட்டார்கள். முதலில் வைத்திருந்தவருக்கே சொந்தம் என்ற பக்கம்தான் பிள்ளைகள் சாய்ந்தார்கள். அங்கன்வாடியில் காலையிலிருந்து தன் கையில் இருந்த சிவப்புக் கட்டையை ஒரு பிள்ளை ஜட்டிப் பையில் போட்டுக்கொண்டு வருவதன் நியாயம் இதுதான். இங்கே விசாரணை வேண்டாம். “இது அங்கன்வாடிக் கட்டை. நாளைக்குக் கொண்டுபோய் வைப்போம்” என்று சொல்லி, மறுநாள் அவன் கையாலேயே கூடையில் போடச் செய்தால் போதும்.

நான்கு, ஐந்து வயதில் அது அடுத்தவர் பொருள் என்று தெரிந்துவிடும். ஆசையை அடக்கும் திறன்தான் இன்னும் வளரவில்லை. தெரிந்தே எடுப்பார்கள், எடுத்த மறுநிமிடம் அதையே எல்லோர் முன்னும் வைத்து விளையாடுவார்கள். தனக்குத் தெரிந்தது அம்மாவுக்குத் தெரியாமல் இருக்கலாம் என்பது பிள்ளைக்குப் பிடிபடுவதும் இந்த வயதில்தான். அதனால் கேட்டவுடன் “எனக்குத் தெரியாது” என்று வரும். அந்தப் பொய்யைக் குணக்கேடாக எடுத்துக்கொள்ளத் தேவையில்லை. புத்தி வளர்வதோடு கூடவே வருவது அது.

ஆறிலிருந்து எட்டுக்குள், தவறு என்று தெரியும், ஒளித்து வைக்கவும் தெரியும். இந்த வயதுப் பிள்ளையிடம்தான் நிதானமாக உட்கார்ந்து பேச வேண்டியிருக்கும்.

சின்னப் பிள்ளைகள் குற்றத்தை எப்படி எடைபோடுகிறார்கள் என்பதை சுவிட்சர்லாந்தின் ஜான் பியாஜே 1932-ல் வெளிவந்த நூலில் பதிவு செய்திருக்கிறார். ஒரு பையன் கதவைத் திறக்கும்போது, பின்னால் இருந்தது தெரியாமல் 15 கோப்பைகளை உடைத்துவிடுகிறான். இன்னொருவன் அம்மா இல்லாத நேரம் அலமாரியிலிருந்து ஜாம் எடுக்கப்போய் ஒரு கோப்பையை உடைக்கிறான். யார் செய்தது பெரிய தப்பு? சிறுபிள்ளைகள் பலர் 15 கோப்பைக்காரனைக் கை காட்டினார்கள். எண்ணத்தைப் பார்க்காமல் நஷ்டத்தைப் பார்க்கும் கணக்கு அது. நாமும் வீட்டில் அதே கணக்கைத்தான் போடுகிறோம்: பென்சில் என்றால் ‘போகட்டும்’, ஐந்நூறு ரூபாய்த் தாள் என்றால் அடி. பிள்ளைக்குப் போய்ச் சேரும் பாடம், சின்னதாக எடுத்தால் பரவாயில்லை என்பது. பென்சிலுக்கும் பணத்துக்கும் ஒரே முறை, ஒரே குரல் இருக்கட்டும்.

ஏன் எடுத்தாள்?

காரணம் தெரிந்தால்தான் மருந்து தெரியும். ஆனால் “ஏன்டி எடுத்தே?” என்று கேட்டால் ஐந்து வயதுப் பிள்ளையால் பதில் சொல்ல முடியாது. நீங்கள்தான் கவனித்துக் கண்டுபிடிக்க வேண்டும். அடிக்கடி காணும் காரணங்கள் இவை:

1. வெறும் ஆசை. வாசனை, மினுமினுப்பு, அமுக்கினால் சத்தம். ஐந்து வயதுக்கு இதுவே போதும்.

2. கீழே கிடந்தது. ‘கண்டெடுத்தவருக்குச் சொந்தம்’ என்ற விளையாட்டு விதியை நிஜ விதியாக நினைத்திருக்கலாம். கீழே கிடப்பதை மிஸ்ஸிடம் கொடுக்க வேண்டும் என்று யாரும் இதுவரை சொல்லித் தந்திருக்கவும் மாட்டார்கள்.

3. பண்டமாற்று. ஒரு ஸ்டிக்கருக்கு ஒரு ஷார்ப்னர் என்று வகுப்பில் வியாபாரம் நடக்கும். இதைத் திருட்டு என்று திட்டினால் பிள்ளைக்கு ஒன்றும் புரியாது. ‘வீட்டில் கேட்காமல் மாற்றிக்கொள்ளக் கூடாது’ என்ற விதியைப் போடுங்கள்.

4. எல்லோரிடமும் இருக்கிறது, என்னிடம் இல்லை. இரண்டடுக்கு ஜியாமெட்ரி பாக்ஸ் நடுவே தகர டப்பாவைத் திறக்கக் கூச்சப்படும் பிள்ளை இது. வாங்கித் தர முடிந்தால் எப்போது என்று தேதி சொல்லுங்கள். முடியாதென்றால் முடியாது என்று நேராகச் சொல்லுங்கள். ‘பார்க்கலாம்’ என்று இழுப்பதுதான் பிள்ளையை அலைக்கழிக்கும்.

5. சிநேகிதம் வாங்க. வீட்டிலிருந்து சில்லறையோ மிட்டாயோ கொண்டுபோய் வகுப்பில் பங்கு வைக்கும் பிள்ளைக்கு, சேர்ந்து விளையாட ஆள் இல்லை என்று பொருள். எடுத்ததைப் பற்றிப் பேசும் அதே அளவு, இடைவேளையில் யாரோடு இருக்கிறாள் என்பதையும் விசாரியுங்கள்.

6. வீட்டில் ஏதோ மாறியிருக்கிறது. தம்பிப் பாப்பா வந்தது, அப்பா வெளிநாடு போனது, ஆச்சி இறந்தது, வீட்டில் ஓயாத சண்டை. பிரிட்டனின் குழந்தை மருத்துவர் டொனால்டு வின்னிகாட் 1956-ல் இதைப் பற்றி எழுதியபோது, இப்படி எடுக்கும் பிள்ளை உண்மையில் தேடுவது அந்தப் பொருளை அல்ல, தாயின் மீது தனக்கிருந்த பாத்தியதையை என்றார். தேடுகிற வரை அது நம்பிக்கையின் அடையாளம் என்பதும் அவர் கருத்து. அம்மாவின் கைப்பையிலிருந்து மட்டும் பொருள் காணாமல் போகிறதென்றால் இதை யோசித்துப் பாருங்கள்.

7. பெரிய பையன்களின் மிரட்டல். ‘நாளைக்கு இருபது ரூபாய் கொண்டு வரலைன்னா பார்’ என்ற பயத்தில் எடுப்பது. எடுத்த பணத்தில் ஒன்றும் வாங்கியதாகத் தெரியவில்லை, பிள்ளை பள்ளிக்குப் போக அழுகிறான் என்றால் முதலில் இதைச் சந்தேகியுங்கள்.

அன்று மாலை என்ன பேசுவது?

முதலில் நீங்கள் ஒரு டம்ளர் தண்ணீர் குடியுங்கள். பிள்ளைக்குச் சாப்பிட ஏதாவது கொடுங்கள். தாத்தா, சித்தி, பக்கத்து வீட்டு அக்கா யாரும் இல்லாத இடத்தில், பிள்ளையின் கண் உயரத்துக்கு உட்கார்ந்து பேசுங்கள். முக்கியமான விதி: பதில் தெரிந்த கேள்வியைக் கேட்காதீர்கள். ரப்பரைக் கையில் வைத்துக்கொண்டு “நீ எடுத்தியா?” என்று கேட்பது, பொய் சொல்லு என்று நாமே அழைப்பது போல. தெரிந்ததைத் தெரிந்ததாகச் சொல்லிவிடுங்கள்.

ஒன்றாம் வகுப்புச் சிறுமியிடம் ஓர் அம்மா பேசினால் இப்படி இருக்கும்:

“பாப்பா, இந்த ரப்பர் நம்ம வீட்டுது இல்லை. வேற யாரோ தேடிக்கிட்டு இருப்பாங்க.”

“பக்கத்துல உக்கார்ற பிள்ளை எனக்குக் குடுத்தா.”

“சரி. குடுத்திருந்தாலும் அவங்க அம்மா ‘ரப்பர் எங்கே’ன்னு கேப்பாங்கல்ல? நாளைக்குக் காலையில நாம ரெண்டு பேரும் போய்க் குடுத்துட்டு வந்துருவோம்.”

“நான் வரலை.”

“ஏன் கண்ணு?”

“மிஸ் திட்டுவாங்க.”

“நான் பக்கத்துலயே நிப்பேன். ‘இது உன்னோடது, ஸாரி’ன்னு நீ ரெண்டு வார்த்தை சொன்னா போதும். அதுக்கு மேல யாரும் ஒண்ணும் கேக்காம அம்மா பாத்துக்கிறேன்.”

கொஞ்ச நேரம் கழித்து, ரப்பரைப் பார்த்தபடியே: “மோந்து பாத்துட்டு வச்சிரலாம்னுதாம்மா எடுத்தேன்.”

அம்மா எங்கேயும் குற்றத்தை ஒப்புக்கொள்ளச் சொல்லவில்லை. ‘குடுத்தா’ என்ற பொய்யோடு மல்லுக்கட்டவும் இல்லை. பொய்யோ மெய்யோ, ரப்பர் திரும்பிப் போகும் என்பதில் மாற்றம் இல்லை என்று காட்டினாள். பயம் இறங்கியதும் உண்மை தானாக வந்தது. வந்த உண்மைக்கு, “சொன்னியே, நல்லது” என்று ஒரு வார்த்தை போதும். ‘உண்மையைச் சொன்னால் அடிக்க மாட்டேன்’ என்று வாக்குக் கொடுத்துவிட்டு, சொன்னதும் அடிப்பதைப் போல மோசம் வேறில்லை. அந்த வாக்கை அப்புறம் எந்த வயதிலும் பிள்ளை நம்பாது.

அடித்தால் உண்மை வருமா? விக்டோரியா தல்வார், காங் லீ என்ற ஆய்வாளர்கள் இருவரும் மேற்கு ஆப்பிரிக்காவில் இரண்டு பள்ளிகளின் மூன்று, நான்கு வயதுப் பிள்ளைகளைச் சோதித்து 2011-ல் முடிவை வெளியிட்டார்கள். ஒரு பள்ளியில் தப்புக்கெல்லாம் அடி. இன்னொன்றில் கண்டிப்போடு சரி. அடி விழும் பள்ளியின் பிள்ளைகள் பொய் சொல்வதும் அதிகமாக இருந்தது. சொன்ன பொய்யைச் சாமர்த்தியமாகக் காப்பாற்றுவதும் அதிகமாக இருந்தது.

திருப்பிக் கொடுப்பது எப்படி?

கூடிய வரை மறுநாளே. நாள் தள்ளினால் பிள்ளைக்கு ஏன் என்பதே மறந்துவிடும்.

*வகுப்புத் தோழியுடையது என்றால்:* முந்தின நாளே ஆசிரியைக்குப் போன் செய்து, “வகுப்பில் எல்லோர் முன்னும் வேண்டாம் மிஸ், காலையில் பெல் அடிக்கும் முன் கொடுக்க வைக்கிறேன்” என்று கேட்டுக்கொள்ளுங்கள். பெரும்பாலான ஆசிரியைகள் ஒத்துக்கொள்வார்கள்.

*கடையில் எடுத்தது என்றால்:* கூட்டம் இல்லாத நேரமாகப் பார்த்துப் போங்கள். அண்ணாச்சியிடம் நீங்கள் ஒரு வார்த்தை முன்கூட்டிச் சொல்லிவைத்தால் நல்லது. ஏனென்றால் நம் ஊர்க் கடைக்காரர் பத்துக்கு ஒன்பது பேர், “குழந்தைதானே, நீயே வச்சுக்கோ பாப்பா” என்று மிட்டாயை இன்னும் ஒன்று சேர்த்துக் கொடுத்து அனுப்பிவிடுவார். அவர் மனசு பெரிது. நம் பாடம் போய்விடும். வாங்கி வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

*தின்றுவிட்டால், உடைந்துவிட்டால்:* விலையைப் பிள்ளையின் உண்டியலிலிருந்து கொடுக்கட்டும். உண்டியல் இல்லையென்றால் அதே மாதிரி ஒன்று வாங்கி, அதற்கு ஈடாக ஒரு வாரம் செடிக்குத் தண்ணீர் ஊற்றுவது, தட்டு எடுத்து வைப்பது போல வயதுக்கேற்ற வேலை ஒன்றைச் செய்யட்டும்.

*உறவினர் வீட்டிலிருந்து வந்திருந்தால்:* பொருளோடு பிள்ளையின் பேச்சு மட்டும் போகட்டும். அத்தைக்கு போன் போட்டு, “அத்தை, உங்க வீட்டு கார் பொம்மை என்கிட்ட இருக்கு, ஞாயித்துக்கிழமை கொண்டு வர்றேன்” என்று பிள்ளையே சொல்லட்டும். பிறகு உறவுக் கூட்டத்தில் இதை வேடிக்கைக் கதையாக ஒருபோதும் எடுத்துவிடாதீர்கள்.

கொடுத்துவிட்டு வந்ததும் அத்தியாயம் முடிந்தது. இரவு அப்பா வந்ததும் ஒரு விசாரணை, ஊரிலிருந்து தாத்தா வந்ததும் இன்னொன்று என்று இழுக்க வேண்டாம்.

செய்யவே கூடாதவை

சூடு போடுவது, கையில் மிளகாய்த்தூள் தேய்ப்பது, முட்டி போட வைப்பது: இவை கண்டிப்பு இல்லை, கொடுமை. பிள்ளையைப் பொறுப்பில் வைத்திருப்பவர் இப்படித் துன்புறுத்துவது 2015-ம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம் 75-வது பிரிவின்படி தண்டனைக்குரிய குற்றம். பெற்றோருக்கும் இது பொருந்தும். பள்ளிகளில் உடல் ரீதியாகத் தண்டிப்பதையும் மனரீதியாகத் துன்புறுத்துவதையும் 2009-ம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் 17-வது பிரிவு தடை செய்கிறது. ஒரு பிள்ளையின் பெயரைச் சொல்லி வகுப்பு முன் நிறுத்திப் பையைச் சோதித்தார்கள் என்றால் நீங்கள் மரியாதையாகத் தட்டிக் கேட்கலாம்.

‘போலீஸ் மாமாகிட்ட பிடிச்சுக் குடுத்துருவேன்’ என்பதும் வேண்டாம். 7 வயதுக்குட்பட்ட பிள்ளை செய்யும் எதுவும் குற்றமாகாது என்று பாரதிய நியாய சன்ஹிதா 20-வது பிரிவே சொல்கிறது. அதோடு, கூட்டத்தில் தொலைந்துபோனால் போலீஸ்காரரிடம்தான் பிள்ளை ஓட வேண்டும். அவரைப் பூச்சாண்டி ஆக்கினால் ஒளிந்துகொள்ளும். ‘சாமி கண்ணைக் குத்தும்’ என்பதும் அப்படித்தான். ஒரு வாரம் கழித்துக் கண் நன்றாகவே இருப்பதைப் பிள்ளை கவனிக்கும்.

பட்டப்பெயர் எல்லாவற்றிலும் கெடுதி. ‘கை நீளம்’, ‘திருட்டுப் புத்தி’, ‘அப்படியே உங்க சித்தப்பன்’ என்று சொல்லிவிட்டால், அடுத்து வீட்டில் எது காணாமல் போனாலும் எல்லார் கண்ணும் அந்தப் பிள்ளை மேல்தான் போகும். எடுக்காத நாளிலும் பழி வருமென்றால் எடுக்காமல் இருந்து என்ன லாபம் என்று பிள்ளை நினைப்பதில் தவறென்ன?

வீட்டுக் கை சுத்தமா?

பிள்ளைக்கு ‘அடுத்தவர் பொருள்’ புரிய வேண்டுமென்றால், முதலில் ‘தன் பொருள்’ என்று ஒன்று இருக்க வேண்டும். விருந்தாளி வீட்டுப் பிள்ளை அழுதால் நம் பிள்ளையின் பொம்மையைக் கேட்காமல் எடுத்துக் கொடுத்துவிடுகிறோம். மாமா கையில் திணித்துவிட்டுப் போன நூறு ரூபாயை வாங்கி வைத்துக்கொள்கிறோம். அவசரத்துக்கு உண்டியலை உடைக்கிறோம், சொல்வதுகூட இல்லை. அவள் பார்வையில் இதெல்லாம் என்ன? கேட்டு வாங்குங்கள். உண்டியலில் கடன் வாங்கினால் எப்போது திருப்புவீர்கள் என்று சொல்லி, அன்றைக்கே போடுங்கள்.

விடியற்காலை பக்கத்து வீட்டுக் காம்பவுண்டுச் சுவருக்கு மேல் எட்டிச் செம்பருத்தி பறிப்பது சாமிக்குத்தான். ஆபீஸிலிருந்து வரும் பேனாவும் ஏ4 தாள் கட்டும் பிள்ளை படிக்கத்தான். ரயிலில் 5 வயதுக்குட்பட்ட பிள்ளைக்குத் தனிப் படுக்கை கேட்காதவரை டிக்கெட் இல்லை என்பதால், “டி.டி.ஆர் கேட்டா நாலு வயசுன்னு சொல்லு” என்று ஆறு வயதுப் பிள்ளையிடம் சொல்வதும் செலவைச் சுருக்கத்தான். ஒவ்வொன்றுக்கும் நம்மிடம் சமாதானம் இருக்கிறது. ரப்பர் எடுத்தவளிடமும் ஒன்று இருந்தது.

கதை சொல்லும்போதும் தேர்ந்தெடுத்துச் சொல்லுங்கள். 2014-ல் காங் லீ குழுவினர் 3 முதல் 7 வயதுவரையுள்ள பிள்ளைகளிடம் சோதித்தபோது, நம் ஊரில் ‘புலி வருது’ என்று சொல்கிறோமே, அதே வகையான ஓநாய்க் கதையைக் கேட்டவர்கள் கூடுதலாக உண்மை பேசிவிடவில்லை. செர்ரி மரத்தை வெட்டியதை ஒப்புக்கொண்டு அப்பாவின் பாராட்டைப் பெற்ற ஜார்ஜ் வாஷிங்டன் கதையைக் கேட்டவர்கள்தான் உண்மை பேசினார்கள். பொய் சொன்னவன் கெட்டதைவிட, உண்மை சொன்னவன் தப்பித்தது பிள்ளைக்குத் தைரியம் தருகிறது. நம்மிடம் இதற்கு நிஜக் கதையே இருக்கிறது. 15 வயதில் அண்ணனின் தங்கக் காப்பிலிருந்து ஒரு துண்டை எடுத்த காந்தி, அதைக் கடிதமாக எழுதி, நோயில் படுத்திருந்த அப்பாவிடம் கொடுத்தார். அப்பா படித்தார், கண்ணீர் விட்டார், கடிதத்தைக் கிழித்துப் போட்டார். ஒரு வார்த்தை திட்டவில்லை. ‘சத்திய சோதனை’யில் உள்ள இந்த நிகழ்ச்சியை ஆறு வயதுப் பிள்ளைக்கும் புரியும்படி சொல்லலாம்.

பள்ளியிலிருந்து புகார் வந்தால்

“என் பிள்ளை அப்படிச் செய்யவே செய்யாது” என்றும் பாயாதீர்கள். “வீட்டுக்கு வரட்டும், தோலை உரிக்கிறேன்” என்றும் வாக்குக் கொடுக்காதீர்கள். என்ன பொருள், எப்போது, பார்த்தது யார் என்று மூன்றை மட்டும் கேளுங்கள். “பேசிவிட்டு நாளைக்குச் சொல்கிறேன்” என்று முடியுங்கள். உங்கள் பிள்ளை எடுக்கவில்லை என்று தெரிந்தால் அதைச் சொல்வதும், பழி நீங்கியதைப் பிள்ளை காதுபட ஆசிரியை வாயால் சொல்ல வைப்பதும் உங்கள் பொறுப்பு. வாட்ஸ்அப் பெற்றோர் குழுவில் இதைப் பேசாதீர்கள், பேசவும் விடாதீர்கள்.

மறுபடியும் நடந்தால்

இரண்டாம் தடவையும் நடக்கலாம். அதே முறையை அதே குரலில் திரும்பச் செய்யுங்கள். தினமும் பையைத் துழாவ வேண்டாம். சாயங்காலம் இருவரும் சேர்ந்து பையை அடுக்குவதை வழக்கமாக்குங்கள். சில்லறையை அஞ்சறைப்பெட்டியிலும் டிவி மேலும் போட்டு வைக்காமல் எடுத்து வையுங்கள். பிள்ளையைச் சந்தேகித்துச் செய்வது இல்லை இது. ஆசையோடு போராடும் வயதில் சோதனையைக் குறைத்துக் கொடுப்பது.

எட்டு வயதுக்கு மேலும் மாதக்கணக்காகத் தொடர்கிறது, எடுப்பதோடு அடிதடி, பொருளை உடைப்பது, மிருகங்களை வதைப்பது, வீட்டை விட்டு ஓடுவது என்று ஏதாவது சேர்ந்துகொள்கிறது, அல்லது பிள்ளை தூக்கமும் சாப்பாடும் குறைந்து ஒடுங்கிப்போகிறது என்றால் தனியாகச் சமாளிக்க வேண்டாம். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு இருக்கிறது. டெலி மனாஸ் மனநல உதவி எண் 14416-க்கு இலவசமாகப் பேசலாம். யாரோ மிரட்டி எடுக்க வைக்கிறார்கள் என்று தெரிந்தால் குழந்தைகள் உதவி எண் 1098-ஐ அழையுங்கள். ‘க்ளெப்டோமேனியா’ என்று நெட்டில் படித்துவிட்டுப் பயப்படாதீர்கள். அது அரிதான நோய், சின்னப் பிள்ளைகள் பொருள் எடுத்து வருவதற்கு அது காரணமாக இருப்பது மிக மிக அபூர்வம்.

மற்ற பிள்ளைகளுக்கெல்லாம், பொருளை நாலைந்து தடவை தன் கையால் திருப்பிக் கொடுத்த அனுபவமே போதும். எடுத்ததைத் திருப்பிக் கொடுத்துவிட்டு அதே பெஞ்சில் அதே தோழியோடு உட்கார முடிகிறது என்று தெரிந்த பிள்ளை, அடுத்த தப்பையும் உங்களிடம்தான் வந்து சொல்லும். பதினைந்து வயதில் உங்களுக்கு அந்தப் பேச்சு வேண்டியிருக்கும். அதற்கான பழக்கம் இந்த வயதில் ஒரு ரப்பரில் தொடங்குகிறது.